ரங்கத் படகில் ஒரு அவுட்பாக்ஸ்

அந்தமானின் லாங் ஐலண்ட் தீவில், பவர் ஹவுஸின் ஜன்னலோர மேசையில் ஒரு சதுரங்கப் பலகை எப்போதும் விரிந்திருக்கும். பலகை என்றால் ஒரு பிளைவுட் துண்டு. இங்கே பிளைவுட் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்து மிச்சம். கட்டங்களைப் பெயிண்டால் போட்டிருந்தது. காய்கள் எல்லாம் எஞ்சின் சாமான்கள்: சிப்பாய்களுக்கு நட்டு, யானைக்குக் கனத்த போல்ட், குதிரைக்கு வளைந்த கிளிப், ராணிக்கு ஆயுள் முடிந்த நாசில். ஒரு பக்கத்துக் காய்களுக்கு மட்டும் கிரீஸ் தடவிக் கறுப்பாக்கியிருக்கும். எதிரில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எதிராளியின் காயையும் அங்கே எஞ்சின் பார்க்கும் நல்லதம்பி அண்ணனேதான் நகர்த்துவார். அதனால் எதிராளியின் கறுப்பு எப்போதும் அவர் விரல்களில் இருக்கும்.

எதிராளிகள் வெகுதூரத்தில் இருந்தார்கள். ஒருவர் போலந்தில், ஒருவர் பிரேசிலில். நான் சொல்லப்போகும் ஆட்டத்தின் எதிராளி ஓலாவ் என்ற நார்வேக்காரர்.

நான் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் மாஸ்டராக வந்தது 2008இல். பள்ளியில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. இன்டர்நெட் இல்லை. தீவில் எங்குமே இல்லை. காலையில் பக்கத்துத் தீவின் ரங்கத் ஊருக்குப் போய் மாலையில் திரும்பும் படகுதான் எல்லாவற்றுக்கும். காய்கறி, கல்யாணப் பத்திரிகை, ஒட்டுப்போட வேண்டிய செருப்பு, தைத்து வாங்க வேண்டிய ஜாக்கெட். கொடுத்தனுப்ப ஆள் தேட வேண்டியதில்லை. படகில் ஏறுகிற யார் கையிலும் கொடுக்கலாம். ஜெட்டியில் இறங்கினால் பஸ் கண்டக்டர் வாங்கிக்கொள்வார். பஜாரில் உரிய கடை முன்னால் பஸ் ஒரு நிமிஷம் மெதுவாகும். இதற்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பார்த்ததில்லை.

நல்லதம்பி அண்ணன் என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இது: "மாஸ்டர், லைன் இல்லாம மெயில் எழுத முடியுமா?"

முடியும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. எனக்குக் கேள்வி கேட்க வராது. ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தால் மனிதர்கள் தாமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு மாலையும் பவர் ஹவுஸ் ஜன்னலருகே நின்றேன். ஒரு வாரத்தில் முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

நல்லதம்பி பிறந்தது இலங்கை மலைத் தோட்டம் ஒன்றில். சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு கப்பலேறி நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறினார். அங்கேயே வளர்ந்து, தோட்டத்து ஜெனரேட்டரில் வேலை கற்று, அரசாங்க வேலைக்கு வந்தவர். சதுரங்கம் கற்றது அங்கே வந்துபோன கப்பலின் ரேடியோ ஆபீசர் ஒருவரிடம். கப்பல் சரக்கு இறக்கும் நேரத்துக்குள் ஒரு ஆட்டம் முடிய வேண்டும். முடியாவிட்டால் பலகையை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கப்பலில் தொடர வேண்டும். தொலைவில் இருப்பவரோடு ஆடும் பொறுமை அப்படி வந்ததாக இருக்கலாம்.

சுனாமி அலை வந்த காலையில் அவர் மனைவி ராசம்மாக்கா மேட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். இவர் அவருக்குத் தேநீர் எடுத்துப் போயிருந்தார். வீடு போயிற்று. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் சதுரங்கப் பெட்டியைப் பற்றி. "நல்ல பெட்டி மாஸ்டர். காந்தம் வெச்சது. கப்பல் ஆடினாலும் காய் நகராது."

லாங் ஐலண்டுக்கு மாற்றலாகி வந்தபின் ஒருமுறை போர்ட் பிளேயருக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே ஒரு இன்டர்நெட் கடையில்தான் செய்திக்குழு என்ற ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்தது. உலகத்துக்கே பொதுவான ஒரு நோட்டீஸ் போர்டு மாதிரி. யாரும் எதையும் ஒட்டலாம். அதன் கீழேயே பதில்கள் தொங்கும். சதுரங்கத்துக்கென்று இருந்த குழுவில் பாதி சண்டை, மீதி ஆட்டங்கள். அவருக்குத் தெரிந்தது எஞ்சின் ஆங்கிலம்தான். ஆனால் சதுரங்க மூவ் எழுத ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் போதும். சண்டையைத் தாண்டிப்போய் ஆட்டங்களை மட்டும் வாசித்தார். அந்தக் குழுவில்தான் மெயில் வழியாக ஆடும் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். பெயர் கொடுத்தார்.

விதி எளிது. ஒவ்வொரு மூவுக்கும் சில நாள் கெடு. தாண்டினால் தோல்வி. ஒரு ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு முறை மன்னிப்பு உண்டு.

ஆரம்பத்தில் அவர் மூவை போனில் சொல்வார். ரங்கத் பஜாரில் இன்டர்நெட் கடை வைத்திருந்த சுரேந்திரன் அதை டைப் செய்து அனுப்புவார். சுரேந்திரன் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும், வாய் ஓயாது. லாங் ஐலண்டுக்கு வந்தால் ராசம்மாக்காவின் மீன் குழம்பு சாப்பிடாமல் போக மாட்டார். அவருக்கும் கொஞ்சம் சதுரங்கம் தெரியும். அதுதான் சங்கடமாகப் போயிற்று. ஒருநாள் இவர் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தச் சொன்னார். கடைக்காரர் திரையில் பார்த்தார். எதிராளியின் பிஷப் சும்மா நிற்கிறது, இவருடைய ராணியால் எடுக்கலாம். அண்ணன் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நல்ல எண்ணத்தில், தானே எடுத்து அனுப்பிவிட்டார். அது பொறி. அடுத்த மெயிலில் ராணி போயிற்று, ஆட்டமும் போயிற்று.

நல்லதம்பி கத்தவில்லை. அன்றிலிருந்து போன் செய்வதை நிறுத்திவிட்டார். சுரேந்திரன் இரண்டு முறை பவர் ஹவுஸுக்குப் போன் செய்தபோது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துவிட்டாராம்.

"மூவ் எங்கையில முடிஞ்சி, மூடி போட்டுப் போவணும். அவன் லைன்ல கொடுத்தா போதும். டைப் பண்ண வேணாம்" என்றார் என்னிடம். தேவை அதுதான். இதற்கு ஒரு நிரல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் வேலை பள்ளிக்கூட லேபில் மாலைகளில் நடந்தது. நான் வைத்திருந்த சி.டி.க்களில் மெயில் நிரல்கள் சில இருந்தன. நான் அவற்றின் அழகைப் பார்ப்பேன். எழுத்து எப்படித் தெரிகிறது, பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் விடுகிறது. அவர் எஞ்சின் வாங்க வந்தவர்போலக் கேட்பார். லைன் இல்லாதபோது ஓடுமா. நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து எடுக்குமா. செய்திக்குழுவில் தலைப்பை மட்டும் முதலில் இறக்கி, வேண்டியதை மட்டும் பிறகு எடுக்குமா. சரக்கை எங்கே வைக்கிறது. கடைசிக் கேள்விக்கு நான் எப்போதும் திணறுவேன். நிரல்கள் சரக்கை எங்கேயோ ஆழத்தில் ஒளித்து வைக்கும் பழக்கம் உள்ளவை.

முதலில் விண்டோஸோடு வந்ததையே வைத்துப் பார்த்தோம். எளிதாக இருந்தது. லேபில் எழுதி, மெயில் இருந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு, அதை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் வைத்துச் சிவப்பு நூல் சுற்றிப் படகில் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: எங்கே வைப்பது, எதை அழுத்துவது, திரும்ப எதை எடுப்பது. சுரேந்திரன் சீட்டில் இருந்தபடியே செய்து அனுப்பினார். பேச்சு இல்லை. டப்பா மட்டும் போய் வந்தது.

பெட்டி நிறைந்துவிடக் கூடாது என்று, மெயிலை இறக்கியதும் சர்வரைச் சுத்தம் செய்துவிடும்படி வைத்திருந்தார். டேங்கில் பழசு தங்கக் கூடாது என்பது பவர் ஹவுஸ் பழக்கம். அந்தப் பழக்கமே ஒருநாள் அவர் காலை வாரிவிட்டது. மாலைப் படகில் டப்பா வந்தது. அடுத்த நாளைக்கு எழுதி வைத்திருந்ததை முதலில் பென் டிரைவில் ஏற்றினோம். பழைய ஃபோல்டர் புதிய ஃபோல்டரின் மேல் போய் உட்கார்ந்தது. ஓலாவின் மூவ் அதனடியில் போயிற்று. சர்வரிலும் இல்லை.

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்காம ஏத்திட்டோம் மாஸ்டர்" என்றார்.

ஜெட்டியில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு அது. வந்த சரக்கு இறங்கிய பிறகுதான் போகிற சரக்கு ஏறும். ஓலாவுக்கு எழுதி, அந்த மூவை மறுபடி அனுப்பச் சொல்லி, அது படகேறி வருவதற்குள் கெடு தாண்டிவிட்டது. ஒரே ஒரு முறை உண்டு என்ற மன்னிப்பு அங்கே செலவாயிற்று. அது போட்டியின் கடைசி ஆட்டம். மற்ற ஆட்டங்களில் தட்டுத்தடுமாறி மேலே வந்திருந்தார். இதில் வென்றால் முதலிடம். இனி ஒருமுறை பிந்தினால் பலகையில் என்ன நின்றாலும் தோல்வி.

அடுத்து உலாவியும் மெயிலும் செய்திக்குழுவும் எல்லாம் சேர்ந்த ஒன்றை எடுத்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது பஜார் மாஸ்டர். எனக்கு ஒரு டப்பா போதும்" என்று விட்டுவிட்டார். பிறகு படியில் உட்கார்ந்து யோசித்தார். சரக்கை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதில்தான் கோளாறு. சரக்கு இறங்கவே கூடாது. கப்பலே போய், கப்பலே திரும்பி வர வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தது. தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலைப் பென் டிரைவிலேயே குடியிருக்கும்படி செய்த பதிப்பு. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் கிடந்தது. நிரலும் மெயிலும் செய்திக்குழுவும் கடவுச்சொல்லும் எல்லாம் அந்த விரல்நீளச் சாமானுக்குள். லேபில் செருகினால் திறக்கும். எழுதினால் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். ரங்கத்தில் செருகி ஒரு பட்டனை அழுத்தினால் காத்திருந்தது போய், வர வேண்டியது வரும். எங்கே செருகினாலும் ஒரே நிரல், ஒரே பிரதி. எதன் மேலும் எதுவும் உட்கார முடியாது.

மெதுவாகத்தான் திறந்தது. அவருக்கு அது குறையாகத் தெரியவில்லை. திறக்கும் நேரத்தில் எஞ்சின் சத்தம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஜன்னல் வழியே காது கொடுப்பார்.

ஒரே ஒரு தவறு செய்தார். செய்திக்குழு முழுவதையும் இறக்கும்படி டிக் போட்டுவிட்டார். பகல் முழுக்க சுரேந்திரன் கடை லைனில் உலகத்துச் சதுரங்கச் சண்டை ஓடியிருக்கிறது. டப்பாவோடு ஒரு துண்டுச் சீட்டு திரும்பி வந்தது. 'அண்ணே, கஸ்டமர் எல்லாம் போயிட்டாங்க.' அவர் பதில் எழுதவில்லை. ஆனால் தலைப்பு மட்டும் இறங்கும்படி மாற்றச் சொன்னார். அடுத்த படகில் டப்பாவோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் போயிற்று. பழத்தை அனுப்பியது ராசம்மாக்கா என்று அவரே வலிய வந்து என்னிடம் விளக்கினார்.

அப்படி மழைக்காலம் வரை போயிற்று. ஓலாவின் காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கறுப்புப் பக்கத்தில் ராஜா, ஒரு போல்ட், நகர வழியில்லாத இரண்டு நட்டு. அவ்வளவுதான் மீதி. பவர் ஹவுஸுக்கு டீசல் இறக்க வருகிறவர்கள்கூடப் பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் கடல் கெட்டது. டப்பா காலையில் ரங்கத் போயிருந்தது. மாலைப் படகு வரவில்லை. மறுநாளும் இல்லை. ஜெட்டியில் அலை படிக்கட்டை நனைத்துக்கொண்டிருந்தது. ஓலாவ் அன்றன்றே பதில் போடுகிறவர். அவர் மூவ் வந்திருக்கும். அது சுரேந்திரனின் கடையில் டப்பாவுக்குள் இருக்கும். கெடு ஓடிக்கொண்டிருந்தது. கடல் தெளிவதற்குள் அது முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பவர் ஹவுஸில் டெலிபோன் இருந்தது. அவர் அதன் பக்கமே திரும்பவில்லை. பலகை துடைக்கும் துணியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். சாப்பாடு கொண்டுவந்த ராசம்மாக்கா தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நின்றார்.

"என்னாங்க, அந்த நார்வேக்காரன் மூஞ்சியக்கூட நீங்க பாத்ததில்ல. அவன நம்புறீங்க. இந்தச் சுரேந்திரன் நம்ம வீட்ல ஒக்காந்து தின்னவன். அவன நம்ப மாட்டீங்க."

"நார்வேக்காரன் எங்காயத் தொட்டதில்ல."

"அன்னைக்குத் தொட்டான், ராணி போச்சு. இன்னைக்கு அவன் தொடலன்னா ஆட்டமே போவுது. எது நட்டம்னு நீங்களே பாத்துக்கங்க. சோறு ஆறுது."

அவர் சோற்றைச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். எஞ்சின் சத்தத்துக்காக அந்தப் போனில் எப்போதும் சத்தம் கூட்டி வைத்திருக்கும். மறுமுனை எங்கள் இருவருக்குமே கேட்டது.

"நான்தான்" என்றார்.

அந்தப் பக்கம் சுரேந்திரன் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே. போட் பந்த்னு தெரியும். டப்பா பத்திரமா இருக்கு. லைன்ல போட்டு எடுத்துட்டேன். தொறந்து பாக்கல, சாமி சத்தியமா."

"இப்பத் தொற."

தண்டர்பேர்ட் மெதுவாகத் திறந்தது. பிறகு சுரேந்திரன் மூவை வாசித்தார். நல்லதம்பி கறுப்புப் போல்டை எடுத்துத் தன் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார். ராஜாவுக்கு செக். காவல் இல்லாத யானை. ராஜாவே அதை எடுத்துவிடலாம்.

"ராஜாவ ஒரு கட்டம் பின்னால எடு" என்றார் இவர். கட்டத்தின் எழுத்தையும் எண்ணையும் சொன்னார்.

"அண்ணே." சுரேந்திரனின் குரல் தயங்கியது. "யான சும்மா நிக்குது."

"தெரியுது."

"எடுக்கலயா?"

"எடுக்கல."

நான் நல்லதம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசீவரைப் பிடித்திருந்த விரல்களில் கிரீஸ் தடம். விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"டீக் ஹை அண்ணே" என்றார் சுரேந்திரன். "நீங்க சொன்னபடிதான்." டைப் செய்ததைத் திரும்ப வாசித்தார். இவர் ம் என்றார். போயிடுச்சு என்று சொல்லி சுரேந்திரன் வைத்துவிட்டார்.

அன்று மாலை அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறை மட்டும், யாரிடமும் இல்லாமல், போயிருக்கும் என்றார்.

படகு விட்ட முதல் நாள் டப்பா வந்தது. மழை நனைந்த நூல் பிரியாமல் படுத்தியது. லேபுக்கு வந்து தானே செருகினார். இன்பாக்ஸைத் திறக்கவில்லை. நேராக 'அனுப்பியவை' ஃபோல்டருக்குப் போனார். கடைசி மெயில் இருந்தது. அவர் சொன்ன கட்டம், அவர் சொன்ன எண். கூடுதலாக ஒரு எழுத்துகூட இல்லை.

மூச்சு விட்டுவிட்டு மவுஸை நகர்த்தும்போதுதான் 'டிராஃப்ட்ஸ்' ஃபோல்டரில் ஒன்று இருப்பதைப் பார்த்தார். அவர் அங்கே எதையும் வைத்ததில்லை. திறந்தார். ஓலாவுக்கு எழுதி, அனுப்பாமல் சேமித்த மெயில். ராஜா யானையை எடுக்கும் மூவ். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்: 'அண்ணே, அனுப்பல. ஆனா மனசு கேக்கல.'

நல்லதம்பி சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பவர் ஹவுஸுக்குப் போய்ப் பலகையில் அந்த மூவை வைத்துக் காட்டினார். ராஜா கறுப்புப் போல்டை எடுத்துவிட்டது. இப்போது ஓலாவிடம் நகரவே முடியாத இரண்டு நட்டும், எங்கே கால் வைத்தாலும் ஆபத்தான ராஜாவும்தான் மீதி. செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. அப்படி முடங்கினால் ஆட்டம் சமம். வெற்றி போய்விடும். ஓலாவ் அந்தப் போல்டைத் தூக்கி எறிந்ததே அதற்காகத்தான். "கெட்டிக்காரன்" என்றார், நார்வேப் பக்கம் கையைக் காட்டி. எந்தப் பக்கம் நார்வே என்று எனக்குத் தெரியாது. அவர் கடல் பக்கம் காட்டினார்.

அன்று மாலை அவுட்பாக்ஸில் ஓலாவுக்கு ஒரு மெயில் ஏறியது. அதை முடித்த பிறகு டிராஃப்ட்ஸுக்குத் திரும்பிப் போய், சுரேந்திரன் எழுதியதற்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: 'இப்ப நீ ஓலாவ். ஒரு காய் நகர்த்து, பாப்போம்.' அதை அனுப்பவில்லை. அங்கேயே சேமித்து, டப்பாவில் வைத்து, புது நூல் சுற்றினார்.

இரண்டு படகு போய் வந்தன. டிராஃப்ட்ஸில் பதில் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் பவர் ஹவுஸில் போன் அடித்தது. நல்லதம்பி எடுத்தார். எஞ்சின் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த முறை அவருக்கு நன்றாகக் கேட்டது.

"நகர்த்த எடமே இல்லயேண்ணே" என்றார் சுரேந்திரன்.

"அதான்" என்றார் இவர்.

ஓலாவின் போல்ட் இன்னும் கொஞ்ச நாள் ராஜாவைத் துரத்தியது. ராஜா ஒவ்வொரு கட்டமாக நடந்து, கடைசியில் துரத்த முடியாத ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஓலாவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதிய மெயிலை நான் அவருக்குத் தமிழில் சொன்னேன். செய்திக்குழுவில் முடிவு அறிவித்தபோது அவர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. ராசம்மாக்கா மட்டும் அந்த அறிவிப்பைத் தாளில் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் லேபில் தண்டர்பேர்ட் திறந்துகொண்டிருந்தபோது, புதிதாக ஒரு ஃபோல்டர் போட வேண்டும் என்றார். என்ன பெயர் என்று கேட்டேன். ரங்கத் என்றார். அதில் முதல் மெயிலை அவரே தட்டினார். ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய் இரண்டு கட்டம். கீழே ஒரு வரி: 'கறுப்பு நீ. யோசிச்சு ஆடு. கெடு கெடையாது.'

மறுநாள் காலைப் படகில் டப்பா போயிற்று. பழச் சீப்பும் போயிற்று. அதை அனுப்பியது யார் என்று இந்த முறை அவர் விளக்கவில்லை.